யன்னலோர நோனாவும் எங்கள் பாறணையும்

விமானத்து யன்னல் மூடி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுபத்தாறு வயது வரைக்கும் எனக்கு வந்ததில்லை. மெல்பேணில் இருக்கும் மருமகன்தான் தொலைபேசியில் அதைக் கிளப்பிவிட்டார்.

"மாமா, யன்னல் பக்கத்துச் சீற் உங்களுக்கில்லை. அதிலை இருக்கிற ஆள்தான் மூடியைத் திறக்கிறதும் பூட்டுறதும். நீங்கள் எட்டித் தொட்டுப்போடாதேங்கோ. மற்றது, லைற்றுகளை அணைச்சாப் பிறகு எல்லாரும் படுப்பினம். தலைக்கு மேலை இருக்கிற லைற்றைப் போட்டீங்களெண்டால் பின்னாலை இருக்கிறவன் ஏசுவான்."

"ஏசுவானோ?"

"வாயாலை ஏசாட்டியும் மனசுக்குள்ளை ஏசுவான், மாமா."

இந்த இரண்டாவது வகை ஏச்சுக்குத்தான் நான் கூடுதலாகப் பயந்தேன். வாயால் ஏசினால் பதில் சொல்லலாம். மனதுக்குள் ஏசுகிறவனுக்கு எதைச் சொல்வது? நான் சுன்னாகம் மின் நிலையத்தில் சுவிச்சு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொழுதுபட்டதும் ஊரில் எவ்வளவு விளக்கு எரிகிறது என்பதை மீற்றர் ஊசி ஏறுவதைப் பார்த்தே சொல்லுவேன். இப்போது ஒரு விளக்கைப் போடலாமா, கூடாதா என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

மெல்பேணுக்குப் போன காரியம் மகளின் பிள்ளைப்பேறு. கலியாணமாகி நெடுங்காலம் சுகந்திக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலம் முழுவதும் என் மனைவி புவனேஸ்வரி ஒரு வருடமும் தவறாமல் கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். இந்த முறை மகளுக்கு மாதம் நிறைந்துகொண்டு வந்தது. தாய்க்கு விரதம் இன்னும் கடுமையாகிவிட்டது. ஐந்து நாளும் பாலும் பழமும். ஆறாம் நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் காலை எழுந்து வரும் சூரியனைக் கும்பிட்டபிறகுதான் வாயில் ஏதும் வைப்பாள். அதுதான் பாறணை. சூரியனைக் காணாமல் பாறணை இல்லை என்பது அவளுடைய தாய்வீட்டு வழக்கம். ஐப்பசி மழை மூடிக் கட்டிய வருடங்களில் முகில் விலகும் வரைக்கும் முற்றத்தில் குடையோடு நின்றிருக்கிறாள்.

மருமகன் பயணத்துக்குக் குறித்த நாள் சரியாக அந்த ஆறாம் நாளில் விழுந்தது. அங்கே இருக்கிறவர்களுக்கு நாட்காட்டியில் சனியும் ஞாயிறும் மட்டுந்தான் தெரியும்.

புவனேஸ்வரிக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், உண்டு. புறப்பட முதல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். "பாலும் பழமும் சாப்பிடுற நாளிலை அரைக் குளிசை போடுங்கோ. பட்டினி கிடக்கிற நாளிலை போடவே கூடாது. சீனி ஒரேயடியா இறங்கினால் ஆளைத் தூக்கேலாமல் போயிடும்" என்று அவர் சொன்னார். நான் அதை மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்தினேன். மூன்றாம் முறை டொக்டருக்குக் கோபம் வந்தது.

விமான நிலையத்துக்கு வாடகைக்குப் பிடித்த வான் அந்த ஆறாம் நாள் காலையில் புறப்பட்டது. கொடிகாமத்தில் சாரதித் தம்பி தேத்தண்ணிக்கு நிறுத்தினான். சந்தைக்கு வந்த லொறிகள் இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு நின்றன. "அம்மா, ஒரு செவ்விளநியெண்டாலும் குடியுங்கோவன்" என்றான் தம்பி. புவனேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குப் பசி. வானுக்குப் பின்னால் போய் நின்று இரண்டு உழுந்து வடை சாப்பிட்டேன்.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "ஏன் ஐயா ஒளிச்சு நிண்டு சாப்பிடுறீங்கள்? முருகனுக்குத் தெரியாதோ?"

"முருகனுக்குத் தெரியட்டும் தம்பி. அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மாவுக்கு வடை மணக்குது."

ஆனையிறவு தாண்ட மழை பிடித்தது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது மழை வந்தால் யன்னல் விவகாரம் எப்படித் தீரும் என்பது நினைவுக்கு வந்தது. யன்னலோரத்தில் இருப்பவருக்குக் காற்று வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நனைவார். பின்னால் நிற்கும் கிழவி, "உதைப் பூட்டடா மோனே, மூக்கடைக்கப் போகுது" என்பாள். கொண்டக்டர் வந்து பூட்டுவார். பெரிய சத்தம் வரும், ஆனால் அடுத்த தரிப்புக்கு முன்னமே தீர்ந்துவிடும். எல்லாரும் பேசாமல் இருந்து தீர்க்க வேண்டிய யன்னல்களை நான் அதுவரை கண்டதில்லை.

விமான நிலையத்துக்குப் பொழுதுபட வந்து சேர்ந்தோம். அந்நேரம் ஊர்க்கோயிலில் சூரன்போர். மச்சாள், புவனேஸ்வரியின் தமக்கை, அங்கிருந்து தொலைபேசியில் படம் காட்டினாள். சூரனின் தலை அங்குமிங்கும் ஆடியது, தவில் சத்தம் கரகரத்தது. பக்கத்தில் பெட்டிகளோடு இருந்த சனம் எங்களைப் பார்த்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். புவனேஸ்வரி கூட்டினாள்.

பயணப் பொதிகளைச் சோதிக்கும் இடத்தில் ஒரு தடங்கல். காலைப் பூசையின் தீர்த்தத்தை அவள் சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொண்டுபோக முடியாது, தொட்டிக்குள் ஊற்றுங்கள் என்றார் காவலர். அந்தத் தொட்டிக்குள் பாதி குடித்த சோடாவும் சவர்க்கார நுரையும் கிடந்தன. தீர்த்தத்தை அதற்குள் ஊற்ற அவளால் முடியுமா? ஒதுங்கி நின்று குடித்துவிட்டாள். தீர்த்தம் விரதத்துக்கு ஆகும், ஆனபடியால் எனக்கும் நிம்மதி. நான் அந்தப் பக்கம் திரும்பிச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் எங்களுக்கு இடது கைப் பக்கம். நான் நடைபாதையோரம், நடுவில் புவனேஸ்வரி, யன்னலோரத்தில் ஒரு சிங்கள அம்மா, அவர்கள் சொல்லில் நோனா. அறுபதுக்கு மேலிருக்கும். தலையில் நீலத் துவாய் ஒன்றைக் கட்டியிருந்தா. வந்து இருந்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அவ சொன்னது எனக்கு விளங்கியது: "மகள், எனக்கு ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் பட்டால் குமட்டிச் சத்தி வரும். மருந்து போட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கும் எழுப்பவேண்டாம்." சொல்லிவிட்டு யன்னல் மூடியை அடிவரைக்கும் இழுத்து, துவாயைக் கண்ணுக்கு மேல் இறக்கிக்கொண்டா.

விமானம் எழும்பியதும் கூரை விளக்குகள் செம்மஞ்சளாகி, பிறகு ஊதாவாகின. புவனேஸ்வரி பயந்துபோய், "இஞ்சாருங்கோ, விடியுதோ?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா. அது சோடனை லைற்."

"சீ, கையெடுத்துக் கும்பிடப் போனன்."

சாப்பாடு வந்தது. அவள் தன் தட்டிலிருந்த பணிஸ் ரொட்டியை மட்டும் கடதாசியில் சுற்றிப் பாறணைக்கு எடுத்துவைத்தாள். பிறகு ஓர் அறிவித்தல்: மற்றப் பயணிகளின் சௌகரியத்துக்காக யன்னல் மூடிகளை இறக்கிவிடுங்கள். இறக்கினார்கள். விளக்குகள் அணைந்தன. எழும்பி நின்று பார்த்தேன். எங்கள் பகுதியில் என் கண்ணுக்கு எட்டிய யன்னல் இருபத்திரண்டு, இருபத்திரண்டும் மூடியிருந்தன. ஊரில் மின் தடைப்பட்டாலும் இவ்வளவு ஒழுங்காக ஒரு தெருவே இருளாது. யாரோ ஒருவர் வீட்டிலாவது அரிக்கன் லாந்தர் எரியும்.

எனக்கு நித்திரை வரவில்லை. முன்கதிரையின் முதுகிலிருந்த சின்னத் திரையில் உலகப் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் பாதி கறுப்பு, பாதி வெளிச்சம். சின்ன விமானம் ஒன்று கறுப்பிலிருந்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்தது. கிழக்கே போகிறோம், ஆனபடியால் ஊரிலும் பார்க்க வேளைக்கே விடியும். அது கறுப்பின் விளிம்பைத் தாண்டியபோது எனக்குச் சந்தோஷம். காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. அதுவரைக்கும் ஒருவரும் மூடியைத் திறக்கப் போவதில்லை. வெளியே பட்டப்பகல், உள்ளே கும்மிருட்டு.

புவனேஸ்வரியின் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. நனைந்தும் இருந்தது.

"என்ன, வேர்க்குதோ?"

"சாடையா. கை நடுங்குது. சுகந்தி எங்கை?"

"சுகந்தி மெல்பேணிலை எல்லோ."

"அவள் இப்ப இதிலைதானே இருந்தவள்" என்றாள்.

அவள் பக்கம் குனிந்தேன். "இஞ்சாரும், உண்மையைச் சொல்லும். குளிசை போட்டனீரோ?"

"ஓம்."

"எப்ப?"

"தீர்த்தம் குடிக்கேக்கை. தண்ணி வாய்க்குள்ளை போறது போகுது, அதோடை குளிசையையும் போடுவம் எண்டு..."

"அரையோ?"

"முழுசு. சீனி கூடினால் அங்கை போய் பிள்ளைக்கு நான் ஒரு பாரம். நானெல்லோ அவளைப் பாக்கப் போறன்?"

சட்டைப் பையிலிருந்த டொபியை உரித்து நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வெளியிலை விடிஞ்சிட்டுது. இந்தப் படத்தைப் பாரும்."

"படத்திலை காட்டினால் சூரியனோ?"

"கணக்குப் பார்த்துச் சொல்லுறன்."

"உங்கடை கணக்கை நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறு நாள்... என்ரை பிள்ளைக்குப் பிடிச்சது. கடைசியிலை குழப்பச் சொல்லுறீங்களோ?" நாக்குத் தடித்துச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தலைக்கு மேலிருந்த பொத்தானை அமத்தினேன். எனக்கு எரியவில்லை, யன்னலோர அம்மாவின் துவாய்க்கு மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. பதறி இன்னொன்றை அமத்தினேன். எங்கோ மணி அடித்தது. மூன்றாவதை அமத்த எங்கள் மூவருக்கும் எரிந்தது. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது: "பெரியவரே, தயவுசெய்து. ஒரு முடிவுக்கு வாருங்கள்." எல்லாவற்றையும் அணைத்தேன். அந்த ஒரு கணத்தில் புவனேஸ்வரியின் முகத்தைக் கண்டுவிட்டேன். சாம்பல் நிறம். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

அடித்த மணிக்குப் பணிப்பெண் வந்தாள். சீனி வருத்தம், குளிசை, பட்டினி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஓடிப்போய்த் தோடம்பழச் சாறு கொண்டுவந்தாள். புவனேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளியதில் பாதிச் சாறு என் மடியில் சிந்தியது.

"ஏன் குடிக்க மறுக்கிறா?"

"சூரியனைக் கண்டால்தான் குடிப்பா."

பணிப்பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு மூடியைப் பார்த்தாள், துவாயைப் பார்த்தாள். "அவவை எழுப்ப வேண்டாமென்று சொன்னவ. வருத்தக்காரி" என்றாள். புவனேஸ்வரியைக் கூட்டிப்போய்ப் பின்பக்கக் கதவின் சின்னக் கண்ணாடியில் காட்டலாமா என்று கேட்டேன். அந்நேரம் பார்த்து விமானம் குலுங்கியது. ஆசனப் பட்டியைக் கட்டச் சொல்லும் விளக்கு எரிந்தது. அதோடு, புவனேஸ்வரி எழும்பி நிற்கும் நிலையிலும் இல்லை. "யாராவது டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கதிரைகளைப் பிடித்துப் பிடித்துப் போனாள்.

மூடியின் அடியில் மயிர் அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. இரண்டு முழத் தூரந்தான். நடுவில் ஒரு வருத்தக்காரி. வெளிச்சம் பட்டால் அவவுக்குச் சத்தி. படாவிட்டால் எனக்கு மனைவி இல்லை.

புவனேஸ்வரிக்கு மேலால் கையை நீட்டி அவவின் தோளைத் தட்டினேன். நான் சிங்களம் படித்தது வேலைத்தளத்தில். வயர், கம்பம், உருகி பற்றி நன்றாகக் கதைப்பேன். மனைவிக்காக மன்றாடுவதற்கு அந்தச் சிங்களம் போதவில்லை.

"நோனா. மன்னிக்க வேணும். யன்னல். என் மனைவி விரதம். குளிசை போட்டா. சீனி இறங்கிவிட்டது. சூரியனைக் காணாமல் சாப்பிடமாட்டா. செத்துப்போவா."

துவாயை ஒரு பக்கம் ஒதுக்கி அவ புவனேஸ்வரியைப் பார்த்தா. கோபிப்பா என்று காத்திருந்தேன்.

"எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?"

"முந்தாநாள் இரவுக்குப் பிறகு ஒன்றுமில்லை."

"தண்ணீர்?"

"கோயில் தண்ணீர் ஒரு மிடறு."

"நாங்களும் பௌர்ணமிப் போயாவுக்குச் சில் விரதம் எடுத்தால் விடியும் வரைக்கும் சாப்பிடுவதில்லை" என்றா. "ஆனால் குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிற மோட்டு வேலை எங்கள் ஊரிலும் பெண்டுகள்தான் செய்கிறது." பிறகு துவாயை அவிழ்த்து முகம் முழுவதையும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினா. குருடர் தடவுவதுபோல் தடவி, மூடியைப் பிடித்து ஒரே தள்ளாக மேலே தள்ளினா.

அப்படி ஒரு வெளிச்சத்தை என் சீவியத்தில் நான் கண்டதில்லை. அறைந்ததுபோல் வந்து விழுந்தது. நடுவரிசையில் ஒருவர் "ஐயோ" என்றார். யாரோ "மூடுங்கள்! மூடி!" என்று கத்தினார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. பின்னாலிருந்தவர், "இது என்ன அநியாயம், ஆட்கள் நித்திரை கொள்ள வேண்டாமா?" என்று கதிரையை உதைத்தார். துவாய்க்குள்ளிருந்து நோனா, "பொறுங்கள், பொறுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மூடியைக் கீழே விழவிடாமல் கையால் தாங்கிப் பிடித்திருந்தா.

கீழே வெள்ளை முகில். அதற்கு மேல் சூரியன், ஒரு மறைப்பும் இல்லாமல்.

"பாரும், இஞ்சாரும், பாரும்!"

புவனேஸ்வரி பார்த்தாள். கைகூப்பப் பார்த்தாள், இரண்டு கையும் இரண்டு பக்கம் நடுங்கின. நான் இரண்டையும் பிடித்துச் சேர்த்து வைத்தேன். "முருகா, என்ரை பிள்ளை" என்பது மட்டும் கேட்டது. மிச்சச் சாற்றை வாயில் வைத்தேன். குடித்தாள். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. உரித்து வைத்திருந்த டொபியை அவள் கன்னத்துக்குள் ஒதுக்கினேன். டொக்டர் எவரும் இல்லையென்று சொல்லிப் பணிப்பெண் கொண்டுவந்த இரண்டாவது கிண்ணத்தையும் குடித்து முடித்தாள். "போதும், நோனா" என்றேன். மூடி இறங்கியது.

இருட்டில் அந்த அம்மா கடதாசிப் பைக்குள் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் கூனிக் குறுகிப் போனேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கையை அசைத்து வேண்டாமென்றா.

கொஞ்ச நேரத்தில் புவனேஸ்வரியின் நாக்கு நேரானது. நேரானதற்கு முதல் அடையாளம், "மடியெல்லாம் என்ன ஈரம்? சின்னப்பிள்ளை மாதிரி" என்று என்னைக் கேட்டது. பணிசையும் சாப்பிட்டாள். பிறகு கைப்பையைத் துழாவித் தைலக் குப்பியை எடுத்து நோனாவின் நெற்றியில் பூசத் தொடங்கினாள். இவளுக்குச் சிங்களம் தெரியாது. அவவுக்குத் தமிழ் தெரியாது. "வலிக்குதோ? இஞ்சையோ? இஞ்சையோ?" என்று இவள் தமிழில் கேட்க, அவ சிங்களத்தில், "அங்கேதான், அங்கேதான்" என்றா. தைல மணம் வரிசை வரிசையாகப் பரவியது. பின்னாலிருந்தவர் நீளமாக மூச்சு விட்டார். இந்த முறை வாயால் ஏசவில்லை.

"ஊரிலை இன்னும் விடிஞ்சிருக்காது. உம்மடை அக்காவே இன்னும் எழும்பியிருக்கமாட்டா" என்று நான் வாயை விட்டுவிட்டேன். உடனேயே நாக்கைக் கடித்தேன்.

"கந்தனுக்கென்ன, சுன்னாகத்து மணிக்கூடு ஒண்டுதானோ? நான் கண்டனான். அது காணும். சும்மா கிடவுங்கோ." கண்ணை மூடினாள்.

எனக்கு அப்போதுதான் மற்றப் பயம் பிடித்தது. ஊரில் டொக்டர் சொல்லியிருந்தார்: ஏறின சீனி மறுபடி இறங்கும், ஆளை நித்திரைக்கு விட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். இது நித்திரையா, மயக்கமா? இருட்டில் முகம் தெரியவில்லை. விளக்கைப் போட்டால் நோனாவுக்கு ஆகாது. எந்தப் பொத்தானுக்கு எந்த விளக்கு எரியும் என்றும் எனக்கு நிச்சயமில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். விமானத்துக் குளிர்காற்று விரலில் பட்டதா, அவளுடைய மூச்சுப் பட்டதா என்று பிரித்தறிய முடியவில்லை. தோளைத் தட்டினேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

மறுபடி தட்டினேன்.

"உயிரோடைதான் இருக்கிறன். நித்திரை கொள்ள விடுங்கோ."

கொஞ்சம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை, தட்டினேன். இந்த முறை பதில் வரவில்லை. உலுக்கினேன். "உம்" என்றதுபோலும் இருந்தது, இயந்திரத்தின் இரைச்சல்போலும் இருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான் எது என்று இருட்டில் தடவினேன்.

யன்னல் பக்கம் ஏதோ அசைந்தது. நோனா துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு யன்னலுக்கு முதுகு காட்டித் திரும்பிப் படுத்தா. படுத்தபடியே கையைப் பின்னால் நீட்டி, மூடியின் அடிப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஒரு விரல் அளவுக்கு உயர்த்திவிட்டா. பிடித்த விரலை அப்படியே வைத்திருந்தா.

அந்தக் கீற்று நேராகப் புவனேஸ்வரியின் முகத்தில் விழுந்தது. மற்ற எவருக்கும் போகாமல் அவளோடு நின்றது. மேலுதட்டில் வியர்வை இல்லை. கன்னத்தில் டொபி ஒதுங்கிய இடம் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது. நெஞ்சு உயர்ந்தது, தாழ்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் உயர்ந்தது.